டேட்டா சேவரைப் போட்டால் இணையத்தளம் என்ன செய்கிறது?

மட்டக்களப்பில் ஒருவரிடம் "டேட்டா இருக்கா?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வராது. வட்ஸ்அப்புக்கு இருக்கும், பேஸ்புக்குக்கு இருக்கும், இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு தாராளமாக இருக்கும், யூடியூபுக்குத் தனியாக ஒரு பெக்கேஜ் போட்டிருப்பார். பகல் பத்து மணிக்குச் சாதாரணமான ஓர் இணையத்தளத்தைத் திறக்கத் தேவையான, எதற்கும் செல்லுபடியாகும் டேட்டா மட்டும் அடிச்சட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் சா/த (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்த அன்று சுட்டிலக்கத்தைப் போட்டுப் பார்ப்பது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தேடுவது, அரசின் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, மாரி மழை பிடித்துக்கொண்டால் வானிலை அறிக்கையைத் திறப்பது எல்லாமே அந்த மிச்ச டேட்டாவில்தான் நடக்க வேண்டும். வீடியோ பார்க்க மலிவு, எழுத்து வாசிக்க விலை கூட என்ற தலைகீழான கணக்கு இது.

அதனால்தான் உலாவியிலும் போனின் அமைப்புகளிலும் இருக்கும் டேட்டா சேவர் பொத்தானுக்கு எங்கள் ஊரில் இன்னும் மவுசு குறையவில்லை. கொமியூனிகேஷன் கடையில் ரீலோட் போடப் போனால் கடைக்காரத் தம்பியே போனை வாங்கி அதைப் போட்டுவிட்டுத் தருவான். சரி, போட்டபின் என்ன நடக்கிறது? பக்கம் சுருங்கி வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பத்து வருடத்துக்கு முன்பு அந்த நினைப்பு சரி. அப்போது எங்கோ தூரத்தில் இருந்த ஒரு சேர்வர், அதாவது உலாவி நிறுவனத்தின் கணினி, பக்கத்தை வாங்கிச் சுருக்கி அனுப்பியது. இன்று அதே பொத்தான் பெரும்பாலும் இணையத்தளத்திடம் ஒரு வேண்டுகோளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான். கேட்பதா விடுவதா என்பது தளத்தைக் கட்டியவர் கையில். வாசகர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்காததில் வியப்பில்லை. தளம் நடத்துபவர்களும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது.

பழைய முறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். இப்போதுள்ள குழப்பங்களில் பாதி அங்கிருந்து வந்தவை.

ஒபேரா மினி 2005 இல் நோர்வேயில் அறிமுகமாகி, 2006 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. ஜாவா ஓடும் சின்ன நொக்கியா போனிலும் அது ஓடியதற்குக் காரணம், போனுக்குள் முழுமையான உலாவி எதுவும் இல்லாததுதான். முகவரியைத் தட்டினால் அது ஒபேராவின் சேர்வருக்குப் போகும். அந்த சேர்வர்தான் உண்மையில் தளத்தைத் திறக்கும், படங்களின் தரத்தைக் குறைக்கும், பக்கத்தை இயங்கவைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும், பக்கத்தை அடுக்கி முடிக்கும். அடுக்கிய முடிவைத் தனக்கென்று வைத்திருந்த ஓர் இரும வடிவத்தில் மடித்துப் போனுக்கு அனுப்பும். போன் அதைத் திரையில் காட்டும். 90 வீதம் வரை டேட்டா மிச்சம் என்று ஒபேரா விளம்பரப்படுத்தியது, படம் நிறைந்த பக்கங்களில் அது மிகையான பேச்சும் அல்ல.

போர் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் தமிழ் இணையத்தை முதன்முதலில் வாசித்தது இந்த வழியாகத்தான். அந்தக் காலத்துப் போன்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, திரை முழுக்கப் பெட்டி பெட்டியாக வரும். முகவரிப் பெட்டிக்குள் ஒபேரா:கொன்ஃபிக் என்று தட்டி, கடைசியில் இருக்கும் சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தும் வரியை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால் பெட்டிகள் மறைந்து தமிழ் தெரியும். வகுப்பில் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். உள்ளே நடந்தது இதுதான்: தமிழ் எழுத்துகளை தூரத்துச் சேர்வரே வரைந்து படமாக்கி அனுப்பியது. அதனால் பக்கம் கொஞ்சம் கனத்தது, எழுத்தைப் பிரதி எடுக்கவும் முடியாது. டேட்டாவை மிச்சம் பிடிக்கப் போட்ட உலாவி தமிழுக்காக டேட்டாவைக் கூட்டிச் செலவழித்தது. அதற்காக ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆனால் அந்த வித்தையும் பலிக்காத தளங்கள் இருந்தன. பாமினி எழுத்துருவில் கட்டிய செய்தித் தளங்கள்தான் அவை. பாமினிப் பக்கத்தின் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் எழுத்துருவைத் தளமே கூட அனுப்பினால்தான் தமிழ் தெரியும். தளம் அனுப்பும் எழுத்துருக்களை ஒபேரா மினி ஏற்றுக்கொள்ளாது. சேர்வருக்கோ அது ஆங்கிலப் பக்கம், படமாக வரைய வேண்டிய எழுத்து அங்கே எதுவும் இல்லை. ஆகவே வாசகருக்குக் கிடைத்தது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஈழத்துத் தளங்கள் எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாறியதற்குத் தேடுபொறி ஒரு காரணம் என்றால், கையில் போனோடு இருந்த இந்த வாசகர்களும் ஒரு காரணமாக இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பாமினி போய்விட்டது, அதன் தம்பி இன்னும் இருக்கிறது. இன்றைய தளங்களில் மெனுக் கோடுகள், தேடல் கண்ணாடி, பகிரும் அம்புக்குறி போன்றவற்றைப் பலர் எழுத்துருவாகவே வைக்கிறார்கள். ஒபேரா மினியின் உச்சச் சேமிப்பு முறையில் அந்த இடமெல்லாம் வெற்றுச் சதுரமாகிவிடும். மெனுவைத் திறக்கும் பொத்தானே சதுரமாகிவிட்டால் தளத்தின் பாதி கதவடைத்த மாதிரி.

ஜாவாஸ்கிரிப்ட் விசயம் இதைவிடத் தொல்லை. சேர்வர் அதைச் சில விநாடிகள் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடும், அந்த நொடியில் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே போனுக்கு வரும். அதற்குப் பிறகு நீங்கள் ஏதாவது ஒன்றைத் தொட்டால் அந்தத் தொடுகை மறுபடி சேர்வருக்குப் போய், அங்கே ஓடி, புதிய பக்கமாகத் திரும்ப வேண்டும். கீழே இழுக்க இழுக்கச் செய்தி வந்துகொண்டிருக்கும் பக்கம் இதில் வேலை செய்யாது. தானாக நகரும் படவரிசை முதல் படத்திலேயே நிற்கும். ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் அம்பாறையைத் தெரிவு செய்தால் அடுத்த பெட்டியில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில், திருக்கோவில் என்று பிரதேச செயலகப் பிரிவுகள் விழ வேண்டும், அதன் பிறகு கிராம உத்தியோகத்தர் பிரிவு. சாதாரண உலாவியில் இது கண்மூடித் திறக்கும் வேலை. இடையில் சேர்வர் இருந்தால் ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு கடல் தாண்டிப் பயணம். சிக்னல் ஒரு கோடு இருக்கும் படுவான்கரைக் கிராமத்தில் மூன்றாவது பெட்டிக்குப் போவதற்குள் தளம் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

தளத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறு சிக்கல். ஒபேரா மினி வழியாக வரும் எல்லாரும் ஒபேராவின் இணைய முகவரியோடுதான் வந்து நிற்பார்கள். வலைப்பூவில் நாட்டுக்கொடி காட்டும் வருகைக் கணிப்பானை வைத்திருந்தவர்களுக்கு, அக்கரைப்பற்று வாசகர் ஐரோப்பாவில் இருப்பவராகத் தெரிந்த காலம் நினைவிருக்கும். உண்மையான முகவரியை ஒபேராவின் சேர்வர் கோரிக்கையோடு கூடப் போகும் ஒரு தலைப்பு வரியில் குறித்துத்தான் அனுப்பியது, அதைப் பார்க்கும்படி எழுதாத தளத்துக்குத் தெரியாது. கொடி மாறுவது வேடிக்கை. ஆனால் ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கேள்விகள் வந்தால் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு கதவடைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு பல தளங்களில் இருக்கிறது. பெறுபேறு வெளியாகும் நாள் போல எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டும் நாட்களில், இடைச் சேர்வர் வழியாக வந்த மாணவர் அத்தனை பேரும் ஒரே ஆளாகத் தெரிந்து வெளியே நிற்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருந்தது, அதுதான் கடைசியில் இந்த முறையையே சாய்த்தது. நீண்ட கடிதத்தைச் சுருக்கி விசயத்தை மட்டும் சொல்லக்கூடிய போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். உதவிதான், ஆனால் அவர் உறையைப் பிரிக்காமல் அதைச் செய்ய முடியாது. தளத்துக்கும் உலாவிக்கும் இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் என்பது ஒட்டிய உறை, வெறும் எச்டிடிபி திறந்த உறை. ஒபேரா மினி அதைத் தன் சேர்வரில் பிரித்து, சுருக்கி, மறுபடி ஒட்டிப் போனுக்கு அனுப்பியது. வங்கிக் கணக்குப் பார்ப்பதற்கு முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முழுமையான உலாவியைப் பயன்படுத்துங்கள் என்று ஒபேராவே தன் கேள்வி பதில் பகுதியில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது.

கூகுள் அந்த உறையைத் தொடவில்லை. குரோமின் டேட்டா சேமிப்பு 2013 இல் பரீட்சார்த்தமாக வந்து, 2014 ஜனவரியில் அன்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் எல்லாருக்கும் கிடைத்தது. அதுவும் இடைச் சேர்வர்தான், ஆனால் பக்கத்தை அடுக்குவது போனின் வேலை. சேர்வர் படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றும், எழுத்தைச் சுருக்கும், தேவையற்ற இடைவெளிகளைக் கழிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வழக்கம்போலப் போனிலேயே ஓடியதால் தளங்கள் உடையவில்லை. சாதாரண எச்டிடிபி பக்கங்கள் மட்டும் அந்த வழியாகப் போயின, எச்டிடிபிஎஸ் பக்கங்களும் மறைநிலைத் தாவலில் திறப்பவையும் நேராகப் போயின. 2015 இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைப்படி, நடுத்தரமான ஒரு பயனாளருக்கு அந்த வழியால் போன பக்கங்களின் அளவு பாதியாகக் குறைந்தது.

தளங்களுக்கும் இதில் ஒரு சொல் இருந்தது. தன் பக்கத்தை யாரும் மாற்றக் கூடாது என்று நினைக்கும் தளம் 'நோ-டிரான்ஸ்ஃபோர்ம்' என்ற கட்டளையைத் தலைப்பு வரியில் வைத்தால் போதும், சேர்வர் கையை எடுத்துவிடும். மருத்துவப் படங்கள், வரைபடங்கள் போடும் தளங்களுக்கு அது நியாயமான தேவை.

பிறகு நடந்தது ஒரு முரண். அதே கூகுள்தான் எல்லாத் தளங்களையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்லி நெருக்கியது. 2015 முடிவில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான இலவசச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் குரோம் 68, எச்டிடிபி பக்கங்கள் எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பெட்டியிலேயே முத்திரை குத்தத் தொடங்கியது. ஒவ்வொரு தளமும் உறையை ஒட்ட ஒட்ட, சுருக்கும் சேர்வருக்கு வேலை இல்லாமல் போனது. பொத்தான் போட்டபடியே இருக்கும், சேமிப்பு வருடத்துக்கு வருடம் தேயும். 2019 இல் அதற்கு லைட் மோட் என்று பெயர் மாற்றி ஒரு மறுசீரமைப்புச் செய்தார்கள். வலையமைப்பு மிக மெதுவாக இருந்தாலோ பக்கம் திரையில் தெரிய ஐந்து விநாடிக்கு மேல் எடுக்கும் என்று தோன்றினாலோ, எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கும் கூகுள் சேர்வரில் செய்த இலகு பிரதியைக் காட்டுவது. முகவரி மட்டும்தான் கூகுளுக்குப் போகும், குக்கியும் உள்நுழைவு விபரங்களும் போகாது என்றார்கள். ஆகவே உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களுக்கு அதில் பலன் இல்லை.

2022 மார்ச் 29 இல் வெளியான குரோம் 100 உடன் லைட் மோட் எடுக்கப்பட்டது. பல நாடுகளில் மொபைல் டேட்டா மலிந்துவிட்டது, குரோமுக்குள்ளேயே டேட்டாவைக் குறைக்கும் வேறு மேம்பாடுகள் வந்துவிட்டன என்பது கூகுள் சொன்ன காரணம். உலகக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். நாங்கள் அந்த வாரம் பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் இருந்தோம். ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 5 இல் தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் கூட்டப்பட்டன. இதற்கிடையில் ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தது. வாழ்க்கையில் ஓர் இணையத்தளத்தையும் தேடித் திறக்காதவர்கூட, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வேண்டுமென்றால் யாரிடமாவது போனைக் கொடுத்துப் பதிய வேண்டிய வருடம் அது. கூகுள் தேடலில் மெதுவான இணைப்புகளுக்கு இலகு பக்கம் காட்டிய வெப் லைட்டும் 2022 முடிவதற்குள் நிறுத்தப்பட்டது. ஒபேரா மினி மட்டும் இன்றும் இருக்கிறது, அதன் உச்சச் சேமிப்பும் இருக்கிறது.

சரி, இப்போது அந்தப் பொத்தான் செய்வது என்ன?

முதலில் அன்ட்ரொய்டின் டேட்டா சேவர். 2016 இல் அன்ட்ரொய்ட் 7 உடன் வந்த இது எதையும் சுருக்குவதில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்காத செயலிகள் பின்னணியில் டேட்டா எடுப்பதை நிறுத்துகிறது. அது பெரிய உபகாரம்தான், நூறு எம்பி மிச்சம் இருப்பவரின் போனில் ஏதோ ஒரு செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால் கதை முடிந்தது. ஆனால் கண் முன்னே திறந்திருக்கும் இணையப் பக்கத்தின் அளவை அது தொடாது.

அதோடு இன்னொன்றும் நடக்கும். டேட்டா சேவர் போட்டிருந்தால் குரோம் ஒவ்வொரு கோரிக்கையோடும் 'சேவ்-டேட்டா: ஒன்' என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பும். இந்த வாசகர் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறார், தயவுசெய்து குறைத்துக் கொடு என்று அர்த்தம். 2016 இலிருந்தே இந்த வரி குரோமில் உண்டு. எட்ஜ், ஒபேரா, சாம்சுங் உலாவிகளுக்கும் இது தெரியும். ஃபயர்பொக்ஸ் அனுப்புவதில்லை. ஐபோனில் 2019 முதல் குறைந்த டேட்டா முறை என்று ஒன்று இருந்தாலும் சஃபாரி இந்த வரியைத் தளத்துக்குச் சொல்வதில்லை.

வரி வந்த பிறகு தளம் என்ன செய்ய வேண்டும்? எந்தச் சட்டமும் இல்லை. பெரிய படத்துக்குப் பதிலாகச் சின்னது, தானாக ஓடும் வீடியோவை நிறுத்தி வைப்பது, அலங்கார எழுத்துருவை விட்டுவிடுவது, கீழே இருப்பதை முன்கூட்டியே இறக்காமல் விடுவது என்று செய்யக்கூடியவை நிறைய. செய்கிறவர்கள் கொஞ்சம். செய்யும்போதும் கவனிக்க ஒன்று உண்டு: தளத்துக்கு முன்னால் பிரதி வைத்துக் கொடுக்கும் இடைச் சேர்வர் இருந்தால், இந்தத் தலைப்பு வரியைப் பொறுத்துப் பதில் மாறும் என்று 'வேரி' என்ற இன்னொரு வரியில் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் வாகரையில் ஒருவர் கேட்ட மங்கலான படம், கொழும்பில் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்கும் போய்ச் சேரும். பக்கத்தின் தோற்றத்தை எழுதுபவர்களுக்கென்று, வாசகருக்குக் 'குறைந்த டேட்டா விருப்பம்' இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை ஒன்றும் வரைவில் இருக்கிறது. உலாவியின் சோதனை அமைப்பைத் திறந்தால்தான் வேலை செய்யும் என்ற நிலையில் அது கிடப்பதால் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பெக்கேஜ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் என்று விற்கப்படும் டேட்டா, போன் எந்தத் தளத்தோடு பேசுகிறது என்பதை மொபைல் நிறுவனம் அடையாளம் காண்பதை வைத்தே கணக்கிடப்படுகிறது. இடையில் சுருக்கும் சேர்வரையோ, போக்குவரத்தை வேறொரு சேர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வீபிஎன்னையோ போட்டால் அந்த அடையாளம் மறைந்துவிடும். பேஸ்புக்தான் பார்க்கிறீர்கள், ஆனால் நிறுவனத்துக்குத் தெரிவது வேறேதோ சேர்வர். ஆகவே பேஸ்புக் டேட்டா அசையாமல் இருக்க, பொது டேட்டா கரையும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வீபிஎன் போடப் பழகிய பலர், பிறகும் அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். டேட்டா எங்கே போகிறது என்று தெரியாமல் கடைக்காரத் தம்பியோடு சண்டை பிடித்தவர்களில் சிலர் இவர்களாக இருக்கலாம். கூகுள் தன் சேர்வரை நடத்திய காலத்தில் இந்தச் சிக்கல் தெரிந்தே, மொபைல் நிறுவனங்கள் தேவையான இடத்தில் சுருக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு வழி வைத்திருந்தது.

இனி எங்கள் ஊர்த் தளங்களுக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறைச் செய்தித் தளங்கள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், சங்கங்கள் நடத்தும் தளங்களைத் திறந்து பார்த்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். அறிவித்தலைத் தட்டச்சுச் செய்ய மாட்டார்கள். கடிதத் தலைப்போடு அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, அதைப் போனால் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிடுவார்கள். முத்திரை தெரிந்தால்தான் சனம் நம்பும் என்பது அவர்கள் பக்க நியாயம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் டேட்டா சேமிப்புக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

கணக்கைப் பாருங்கள். யுனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், 'கி' என்றால் ககரமும் விசிறியுமாக ஆறு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுத் தமிழ் கனம் என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். இருந்தும் ஆயிரம் சொல் கட்டுரை ஏறத்தாழ 30 கேபிதான். சேர்வரில் ஜிஜிப் சுருக்கத்தைப் போட்டுவிட்டால், ஒரே மூன்று பைட் வரிசைகள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே மடிந்து பத்து கேபிக்குள் வந்துவிடும். போன் கமராவில் எடுத்த அறிவித்தல் படம் ஒன்று 3 எம்பி என்று வையுங்கள். சுருக்காத கட்டுரைகள் நூறு அதற்குள் அடங்கும். அந்தப் படத்தில் இருப்பதோ கூட்டம் சனிக்கிழமை நான்கு மணிக்கு என்ற ஆறு வரி.

சுருக்கினால் என்ன ஆகும் என்பது இன்னும் மோசம். படத்தைச் சுருக்கும் முறைகள் மனிதர் முகம், வானம், வயல்வெளி போன்றவற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மெல்லிய மாற்றங்களைக் கண் கவனிக்காது என்பதே அவற்றின் கணக்கு. பெரியகல்லாற்றுக் கடற்கரைப் படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் யாருக்கும் தெரியாது. எழுத்து அப்படியில்லை, அதன் உயிரே கூரான விளிம்பில் இருக்கிறது. ஒபேரா மினியில் படத் தரத்தைக் குறைவாக வைத்துவிட்டு இந்த அறிவித்தலைத் திறந்தால் புள்ளிகள் முதலில் கரையும், 'ன'வும் 'ண'வும் ஒன்றாகும், தொலைபேசி இலக்கத்தில் 3 எது 8 எது என்று தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் மூட்டம் பெரிதாகும், அவ்வளவுதான். அப்புறம் வாசகர் என்ன செய்வார்? சேமிப்பை அணைத்துவிட்டு அதே படத்தை முழு அளவில் மறுபடி இறக்குவார். மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மடங்கு செலவு. வெள்ளம் வரும் காலத்தில் குளத்தின் வான்கதவு திறக்கும் அறிவித்தல் இந்த வடிவத்தில் சுற்றும்போது, டேட்டா மட்டும் அல்ல நேரமும் வீணாகிறது.

பீடிஎப் அதைவிடக் கொஞ்சம் தேவலாம், அதற்குள் உண்மையான எழுத்து இருந்தால். ஸ்கேன் செய்த படத்தைப் பீடிஎப்புக்குள் செருகி வைத்தால் எந்தச் சேமிப்பு முறையும் அதற்குள் கை வைக்காது. முழுக் கனத்தோடு இறங்கும்.

உலகத் தளங்களும் மெலிந்துகொண்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எச்டிடிபி ஆர்கைவ் திரட்டும் தரவின்படி 2022 இல் போனுக்கான நடுத்தர இணையப் பக்கத்தின் எடை ஏறத்தாழ 2 எம்பி. நூறு எம்பி மிச்சம் இருப்பவருக்கு அது ஐம்பது பக்கம்.

எங்கள் பக்கத் தளங்களில் பெரும்பாலானவை தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன, அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். 2015 இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து திரைக்கு ஏற்ற அளவுப் படத்தை உலாவியே தெரிந்தெடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. 2020 இன் 5.5 இலிருந்து, வாசகர் கீழே வரும் வரை கீழுள்ள படங்களை இறக்காமல் வைத்திருக்கிறது. 2021 இன் 5.8 இலிருந்து வெப்பி படங்களை ஏற்றுகிறது. தளத்தைக் கட்டியவர் காசு கொடுத்தோ கொடுக்காமலோ எடுத்த அலங்கார வார்ப்புரு இதையெல்லாம் மீறி முகப்பில் மூன்று பெரிய படங்களை ஓடவிட்டிருந்தால் பிரயோசனமில்லை. வார்ப்புருவை மாற்றச் சொன்னால், முகப்பு வெறிச்சென்று இருக்கிறது என்று சங்கத் தலைவர் சொல்வார். இந்தத் தர்க்கத்தில் நான் இதுவரை யாரையும் வென்றதில்லை.

சேவ்-டேட்டா வரியைப் படித்து அதற்கேற்ப நடக்கும் நிரலை ஒரு சின்னத் தளத்துக்கு எழுதுவது பெரிய வேலை இல்லை, ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். ஐபோனும் ஃபயர்பொக்ஸும் அந்த வரியை அனுப்பாது, அன்ட்ரொய்டிலும் பொத்தானைத் தேடிப் போட்டவர் மட்டும்தான் அனுப்புவார். எல்லாருக்கும் போகும் பக்கம் இலகுவாக இருந்தால் அந்த வரிக்கே அதிகம் வேலை இருக்காது. அறிவித்தலின் ஆறு வரியையும் தட்டச்சுச் செய்து மேலே போடுங்கள். முத்திரை வைத்த படத்தை இணைப்பாகக் கீழே கொடுத்து, அதன் பக்கத்தில் எத்தனை கேபி என்று எழுதிவிடுங்கள். வேண்டியவர் திறப்பார். படத்தை ஏற்றும் முன் அகலத்தை ஆயிரத்துச் சொச்சம் புள்ளிக்குக் குறையுங்கள், ஜிஜிப் போட்டிருக்கிறதா என்று தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் ஒரு தடவை கேளுங்கள். மெனுப் பொத்தானில் குறியோடு 'மெனு' என்ற சொல்லையும் எழுதுங்கள். படிவம் வைப்பதென்றால் மாவட்டம், பிரிவு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், ஸ்கிரிப்ட் இல்லாமலும் அனுப்பக்கூடியதாக வையுங்கள். செய்து முடித்ததும் மடிக்கணினிக் குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வேர்க் பகுதியில் 3ஜி இணைப்பைத் தெரிவு செய்து உங்கள் தளத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். மொத்தம் எத்தனை கேபி இறங்கியது, எத்தனை விநாடி எடுத்தது என்று கீழ் வரியில் வரும்.